என் மகன் கொடுத்த நம்பர்

அந்த நம்பரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் படிக்கிறவர்களில் பத்துப் பேராவது புதன்கிழமை கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்குத் தெரியாதா என்ன? நானே அந்த ரகம்தானே. வேறு எவனாவது தன் மகன் செத்த கதையை எழுதி, நடுவில் நாலு இலக்கத்தைப் போட்டிருந்தால், ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் அதைக் குறித்து வைத்திருப்பேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பினாங்கில் மட்டுமில்லை, இந்த நாடு முழுக்கவே நாலு இலக்க நம்பர் என்று ஒரு பைத்தியம் உண்டு. உரிமம் வாங்கிய கடைக்குப் போய் எந்த நாலு இலக்கத்தையும் எழுதிப் பணம் கட்டலாம். புதன், சனி, ஞாயிறு சாயங்காலம் குலுக்கல். முதல் பரிசு, இரண்டாவது, மூன்றாவது, அதற்குக் கீழே ஆறுதல் பரிசுகள். முதல் மூன்றுக்கு மட்டும் எழுதினால் அது 'சின்னது', எல்லாப் பரிசுக்கும் சேர்த்து எழுதினால் 'பெரிசு'. எங்கள் ஊர்க் காசு ஒரு வெள்ளிக்கும் எழுதலாம், வீட்டை அடகு வைத்தும் எழுதலாம். நான் வீட்டை அடகு வைத்தவன் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை கையில் இருக்கிற சில்லறைக்கு எழுதுகிறவன். அதனால் யாரும் என்னைச் சூதாடி என்று சொன்னதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை.

எந்த நாலு இலக்கம் என்பதுதான் எப்போதும் கேள்வி. அதற்கு எங்களிடம் பஞ்சமே கிடையாது. புது வீட்டுக் கதவு எண், ஆஸ்பத்திரிக் கட்டில் எண், குழந்தை பிறந்த நேரம், தாத்தா செத்த வயசு, கோயில் அர்ச்சனைச் சீட்டின் எண், எதுவும் விட்டுவைப்பதில்லை. கனவுக்கென்றே சீனர்கள் ஒரு படப்புத்தகம் போட்டிருக்கிறார்கள். பாம்பு கண்டால் ஒரு நம்பர், பல் விழுந்தால் ஒரு நம்பர், செத்தவர் வந்து சோறு கேட்டால் ஒரு நம்பர். இவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் மரியாதை விபத்து நடந்த வண்டியின் நம்பருக்கு. அடிபட்டவன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பதற்கு முன்னால் வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்போம். ரத்தம் பார்த்த நம்பர் சும்மா இருக்காது என்று எல்லாரும் நம்புகிறோம். தமிழன், சீனன், மலாய்க்காரன் என்ற பேதமே இதில் இல்லை. ஒற்றுமை வேண்டும் என்று பேசுகிறவர்கள் ஒரு விபத்து நடந்த இடத்தை வந்து பார்க்கலாம்.

நான் முப்பது வருஷம் மாக் மண்டினில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இந்தப் பாடத்தை அங்கேதான் படித்தேன். ஒருமுறை அழுத்துகிற இயந்திரத்தில் மாட்டி ஒருவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் அந்த இயந்திரத்தின் எண்ணை எடுத்துவிட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து அவரே ஆள் அனுப்பினார், தனக்கும் ஐந்து வெள்ளிக்கு எழுதச் சொல்லி. நம்பர் விழவில்லை. அந்த வருத்தம்தான் ஒரு வாரத்துக்கு எங்களுக்குப் பெரிதாக இருந்தது. விரலைப் பற்றி யார் பேசினோம்?

என் மனைவி ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் வேலை செய்கிறவள். வாழ்க்கையில் ஒரு நம்பர் எழுதியதில்லை. கடை வாசலில் நான் நின்றால் அவள் நாலு கடை தள்ளிப் போய் நிற்பாள். திட்டவும் மாட்டாள். "போயி உங்க பூசைய முடிச்சிட்டு வாங்க" என்பாள், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே மகன். அவன் பிறந்தபோது நேரம், எடை, அவன் அம்மா படுத்திருந்த கட்டில், பிறப்புப் பத்திரத்தின் கடைசி நாலு எண் என்று எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. ராசி இல்லாத பயல் என்று விளையாட்டுக்குச் சொல்வேன். அது வீட்டில் ஒரு பழகிப்போன கிண்டலாகவே ஆகிவிட்டது. அவன் படித்து முடித்து, பாலத்தைத் தாண்டி அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீசியனாகச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் எனக்குச் சட்டை வாங்கி வந்த அன்றும், "பாத்தீங்களாப்பா, நம்பர்தான் குடுக்கல, சட்டையாவது குடுத்தேன்ல" என்று சிரித்தான். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கும். அதனால் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். இருபத்து நாலு வயசு ஆனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தப் புதன்கிழமை அவன் ஆறு மணிக்குக் கிளம்பினான். அவனுடைய மோட்டார் சைக்கிள் இரண்டு நாளாகப் பட்டறையில் கிடந்தது. கூட வேலை செய்கிறவனிடம் ஒரு மோட்டார் இரவல் வாங்கி வைத்திருந்தான். அதை நான் பார்க்கக்கூட இல்லை, கீழே மற்ற வண்டிகளோடு நிறுத்தியிருந்தான். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பை அவள் கையால் தைத்தது. பழைய நீல ஜீன்ஸ் துணியில், வாயைச் சுற்றி தன் பழைய சேலையின் மஞ்சள் கரையை வைத்துத் தைத்திருந்தாள். ஃபேக்டரியில் சிரிக்கிறார்கள் என்று அவன் முனகுவான், ஆனாலும் அதைத்தான் கொண்டுபோவான்.

எட்டு மணிக்கு நான் வழக்கம்போல சூலியா தெருப் பக்கம் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் ஆபீஸ் அதுதான். கைபேசியில் நம்பர் குரூப் ஒன்றில் இருந்தேன். யார் யாரோ நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் ஒரு படம் வந்தது. ரோட்டோரப் புல்லில் கவிழ்ந்து கிடக்கிற ஒரு மோட்டார், பின்பக்கம் நம்மைப் பார்த்தபடி. கீழே எழுதியிருந்தார்கள்: "பத்து காவான் எக்சிட். இன்னிக்கி காலையில. சூடா இருக்கு, எடுங்க."

பத்து காவான் என்று படித்தபோது மகன் நினைவு வராமல் இல்லை. வந்தது. நீலக் கலர் மோட்டார், அவனுடையது கறுப்பு, அவனுடைய நம்பரும் இது இல்லை என்று உடனே தெரிந்தது. இரவல் மோட்டார் என்பது தலையில் ஏறவே இல்லை. நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்த்தேன். நம்பரின் கடைசி இலக்கத்தில் சேறு அப்பியிருந்தது. மூன்றா, எட்டா என்று தெரியவில்லை. இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். திருப்பிப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். தேத்தண்ணி ஆற்றுகிற அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எட்டு மாதிரிதான் இருக்கு. எதுக்கும் ரெண்டையும் போட்டுருங்களேன்."

"ரெண்டையும் போட்டா எவ்ளோ ஆவும் தெரியுமா?"

"விழுந்தா அப்புறம் அழுவீங்க லா."

ரெண்டையும் போட்டேன். பத்து மணிக்குக் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய், வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாகவே எழுதினேன். சீட்டை அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்தேன். அன்று காலை நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பதினொன்றரைக்கு மனைவி கேன்டீனிலிருந்து கூப்பிட்டாள். அக்கரையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். பேச்சு சரியாக வரவில்லை அவளுக்கு. வாடகைக் கார் பிடித்துப் பாலத்தில் போனோம். அவள் வழி முழுக்க சாமி பெயர்களாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் முன்னால் போன லாரியின் நம்பரை வாசித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று இல்லை, நாற்பது வருஷப் பழக்கம், கண் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. என்னையே நான் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது, ஆனாலும் அடுத்த லாரி வந்ததும் அதையும் வாசித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வாசலில் இருந்த தாதி நல்ல மாதிரி பேசினாள். அவனுடைய கைபேசி நொறுங்கிவிட்டது, அதில் இருந்த எங்கள் நம்பர் அவனுக்கு மனப்பாடம் இல்லை, மோட்டார் வேறு ஒருவர் பெயரில் இருந்தது, அதனால்தான் எங்களைக் கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது என்றாள். பிறகு ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து ஒன்று சொன்னாள். பத்து மணி வரைக்கும் அவன் நினைவோடு இருந்தானாம். பேசிக்கொண்டே இருந்தானாம்.

"என்ன பேசினான்?" என்று என் மனைவி கேட்டாள்.

தாதி மத்தியான ஷிப்டுக்கு வந்தவள். காலையில் இருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார், தனக்குத் தெரியாது என்றாள். மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அவர் முகக்கவசத்தைக் கழற்றிய விதத்திலேயே புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு போலீஸ்காரர் ஒருவர் ஃபாரத்தோடு வந்தார். மலாயில் ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர், வயசு, விலாசம், நேரம், இடம், மோட்டார் எண். எண்ணை வாசித்தபோது அவர் முடிப்பதற்குள் கடைசி இலக்கம் என் வாயில் வந்துவிட்டது. மூன்று. சேற்றுக்கு அடியில் இருந்தது மூன்றுதான். அவர் என்னைத் தலை தூக்கிப் பார்த்தார், தகப்பனுக்கு மகனின் மோட்டார் எண் தெரிந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். என் அடையாள அட்டையைக் கேட்டார். நான் பர்ஸில் தப்பான பக்கத்தையே துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்து மனைவி அதை வாங்கி அட்டையை உருவினாள். கூடவே சீட்டும் வந்தது.

அவள் சீட்டைப் பார்த்தாள். ஃபாரத்தைப் பார்த்தாள். "இது எப்படி உங்ககிட்ட?" என்றாள். பொய் சொல்லத் தெரியாமல் கைபேசியைத் திறந்து படத்தைக் காட்டினேன். அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"பை தெரியலயா உங்களுக்கு?"

படத்தின் இடது மூலையில், புல்லும் தாரும் சேருகிற இடத்தில், நீலப் பை கிடந்தது. மஞ்சள் கரை பளிச்சென்று தெரிந்தது. நான் நம்பரைப் பெரிதாக்கியபோது அது திரையை விட்டு வெளியே போய்விட்டிருந்தது. எட்டு மணிக்கு அந்தப் படம் என் கையில் இருந்தது. எட்டு மணிக்கே நான் அந்தப் பையைப் பார்த்திருந்தால் ஒன்பதுக்குள் அவன் பக்கத்தில் நின்றிருப்போம். பத்து மணி வரைக்கும் அவன் பேசிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் நான் கடை திறக்கக் காத்து நின்றேன்.

உடலைக் கொடுக்க நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என் சட்டைப்பையில் கைபேசி அடிக்க ஆரம்பித்தது. துக்கம் கேட்கிறார்கள் என்று நினைத்து எடுத்தேன். குரூப்பில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. கைதட்டுகிற படங்கள், ஆடுகிற பொம்மைகள். காலையில் வந்த மோட்டார் நம்பர் முதல் பரிசு. "சொன்னேன்ல சூடா இருக்குன்னு", "வாழ்க மோட்டார் சாமி" என்று ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருபத்து நாலு வருஷமாக நான் கேட்டதை என் மகன் அன்றைக்குக் கொடுத்துவிட்டான்.

இறுதிச் சடங்குக்கு எதிர்பார்த்ததை விட அதிகமான கூட்டம். எங்கள் அடுக்குமாடியில் இதுவரை பேசாதவர்கள்கூட வந்தார்கள். துக்க வீட்டில் உறையில் போட்டுக் கொடுக்கிற பணம் வழக்கத்தை விடக் கனமாக இருந்தது. ஏழைபாழைகள் எல்லாம் ஏன் இவ்வளவு தருகிறார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கீழ் வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அழுகை நடுவில் சொன்னார்: "அண்ணே, தம்பி போற போக்குல எங்களுக்கெல்லாம் ஒரு வழி பண்ணிட்டுப் போயிருக்கான். அவன் பங்க அவனுக்குக் குடுக்காம நாங்க சாப்புட மாட்டோம்ணே." அவர் நெஞ்சில் கள்ளமில்லை. நம்பர் கொடுத்த மரத்துக்கு மஞ்சள் துணி கட்டுவது மாதிரி, கொடுத்தவனுக்குத் திரும்பக் கொடுக்கிறார்கள். அந்த ஆளை அறைய வேண்டும் என்று கை எழுந்தது. என் பர்ஸிலும் அதே சீட்டு இருந்ததால் கை இறங்கிவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் மனைவி என் முன்னே வந்து நின்றாள். "சீட்ட மாத்திட்டு வாங்க" என்றாள். "அவன் சம்பாதிச்சதுதானே, அவன் காரியத்துக்கே ஆவட்டும்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மளிகைச் சாமான் வாங்கச் சொல்கிற குரலில் சொன்னாள். நான் போய் மாற்றினேன். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன், கடலில் எறிந்தேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். ஆனால் விழுந்த சீட்டைக் கிழிக்க என் கைக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்தினேன். சபதம் எதுவும் எடுக்கவில்லை, கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவேன். பொழுது போகவில்லை. இந்தக் கருமத்தை உலகத்தில் யார் தொடங்கி வைத்தது என்று கைபேசியில் தேட ஆரம்பித்தேன். எவனாவது ஒருத்தன் அகப்பட்டால் அவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடலாம் என்ற ஆசை. அகப்படவில்லை. ஆட்டுக் கணுக்கால் எலும்பை உருட்டியிருக்கிறார்கள், சோழியை உருட்டியிருக்கிறார்கள், எந்தத் தேசத்துப் பழைய குழியைத் தோண்டினாலும் ஒரு பகடை கிடைக்கிறது. செத்தவனோடு பகடையையும் சேர்த்துப் புதைத்த ஊர்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் இதே ஜார்ஜ்டவுனில் சூதாட்டம் நடத்தும் உரிமையை ஏலம் விட்டு, அந்த வரும்படியில் நிர்வாகம் நடத்தியிருக்கிறான். ஆரம்பத்தில் எல்லா ஊரிலும் இது சாமியிடம் கேள்வி கேட்கிற வழியாகத்தான் இருந்திருக்கிறது. எலும்பைப் போட்டு, மழை வருமா, போருக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பணம் பிறகு வந்தது. படிக்கப் படிக்க எனக்கு ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை ஆயிரம் வருஷமாக இத்தனை பேர் ஆடியிருக்கிறார்கள், ஒருத்தனாவது என்னைப் போலப் பெற்ற பிள்ளையின் ரத்தத்தின் மேல் பணம் கட்டியிருப்பானா? கட்டியிருப்பான். ஆனால் அவன் எழுதி வைக்கவில்லை.

என் மனைவிக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டாம். அவளுக்கு ஒன்றுதான் வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் அவன் என்ன பேசினான்? அந்தக் காலை ஷிப்ட் தாதியைத் தேடி மூன்று தடவை பஸ்ஸும் ஃபெர்ரியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாவது தடவை கண்டுபிடித்தாள். சின்னப் பெண். வெகுநேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஞாபகம் இல்லக்கா, தண்ணி கேட்டிருப்பாரு, எல்லாரும் கேப்பாங்க" என்றதாம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதைத்தான் சொன்னாள்: "எல்லாரும் கேக்குறத சொல்றா." அதிலிருந்து அவள் கனவை நம்பத் தொடங்கினாள். அவள் கனவில் அவன் வரவே இல்லை. தினமும் காலையில் காப்பியை வைக்கும்போது என்னிடம் கேட்பாள், "வந்தானா?" இல்லை என்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அந்த எக்சிட் பக்கத்தில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கையில் ஒரு சுத்தியலோடு போனேன். கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கல். மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், சீன ஊதுபத்தி, மூடி திறந்த ஆரஞ்சு பாட்டில். பால் டின்னில் நம்பர் எழுதிய துண்டுத்தாள்கள், குலுக்கி எடுப்பதற்கு. தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடம் விட்டு நகர்ந்தாள்.

"வாங்க அங்கிள். இந்தத் தம்பி ரொம்ப நல்லவரு. மனசு வச்சுக் கேட்டா குடுப்பாரு."

"யாரு இவரு?"

அவளுக்கு வயசு தெரிந்திருந்தது. விபத்து நடந்த நேரம் தெரிந்திருந்தது. மோட்டார் எண், செத்த நேரம், அடையாள அட்டையின் கடைசி நாலு எண் வரைக்கும் ஒப்பித்தாள். பெயர் தெரியாது என்றாள். எப்படி இருப்பான், கறுப்பா சிவப்பா, அதுவும் தெரியாது. அவன் சிரித்தால் கை வாய்க்குப் போகும் என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அதற்கும் படப்புத்தகத்தில் ஒரு நம்பர் பார்ப்பாள்.

"அன்னிக்கி நீங்க எடுத்தீங்களா அங்கிள்?"

"எடுத்தேன்."

"விழுந்துச்சா? அட, குடுத்து வச்சவரு நீங்க" என்றாள், உண்மையான பொறாமையோடு.

சுத்தியலை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தேன். அந்தக் கல்லை உடைத்தால், ஒரு வாரத்தில் அதே இடத்தில் இன்னும் பெரிதாக ஒன்று வைப்பார்கள். உடைத்தவன் வண்டி நம்பரையும் எடுப்பார்கள்.

அவன் போய் எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தேன். அவன் வந்தான். கட்டில் ஓரத்தில் சீருடையோடு உட்கார்ந்தான். பேசினான், சாவகாசமாக, நிறைய. அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான், அது நிச்சயம். நான் சிரித்தேன், அவனும் சிரித்து வாயை மூடிக்கொண்டான். அவன் சட்டையில் ஊழியர் எண் தைத்திருந்தது. நாலு இலக்கம். விழித்தபோது அவன் குரல் காதில் அப்படியே இருந்தது. ஆனால் என் கை முந்திக்கொண்டது. தலைமாட்டில் எப்போதும் ஒரு பேனாவும் நாள்காட்டித் தாளும் கிடக்கும், கனவு நம்பருக்காக வருஷக்கணக்கில் வைத்த பழக்கம். நான் எழுதுவதை நிறுத்தினாலும் அவற்றை எடுத்துப் போடவில்லை. மறப்பதற்குள் நாலு இலக்கத்தையும் எழுதினேன். நாலாவது இலக்கத்தை முடித்து நிமிர்ந்தபோது அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை. கண்ணை மூடிப் படுத்துப் பார்த்தேன். மண்டையில் அடித்துக்கொண்டேன். அவன் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"வந்தானா?"

"வந்தான்."

"பேசினானா?"

"நெறையப் பேசினான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், அவன் உட்கார்ந்த அதே பக்கம். "என்ன சொன்னான்?" என்றாள். எட்டு மாதமாக அவள் கேட்டதற்கும் அன்று கேட்டதற்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தது. அவள் பார்வை நாள்காட்டித் தாளுக்குப் போனது. எடுத்தாள். நாலு இலக்கத்தையும் விரல் வைத்து ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டுவது போல வாசித்தாள்.

"இதத்தான் சொன்னானா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் உன்னைப் பற்றித்தான் ஏதோ சொன்னான், நான்தான் நம்பரை எழுதப் போய்த் தொலைத்துவிட்டேன், அன்று காலையில் செய்ததையே இன்றைக்கும் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் தாளை மடித்தாள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "கடை எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்று கேட்டாள். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். அரை மணி நேரம் கழித்துக் கடையிலிருந்து கூப்பிட்டாள். பெரிசா சின்னதா என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது என்றாள். பெரிசு என்று சொல்லச் சொன்னேன்.

இப்போது புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் கேன்டீன் வேலை முடிந்தோ, கோயிலுக்குப் போய்விட்டோ அவள் அந்தக் கடைக்குப் போகிறாள். அதே நாலு இலக்கம்தான், வேறு எதையும் எழுதுவதில்லை. பணத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கைகால் கழுவி, விளக்கேற்றி, என் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருகிறாள். அது விழுந்தால் அவன் அவளிடம் பேசியதாக ஆகிவிடும். இன்றுவரை விழவில்லை. அவன் சொன்னது அது இல்லை என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.